மருந்து கொடுக்கும் உரிமை யாருக்கு? கண் மருத்துவமும் சட்டமும்

நோயாளி, மருத்துவன், மருந்து, அதனை உடனிருந்து இயற்றிக் கொடுப்பவன் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார் திருவள்ளுவர். 'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறளில் அவ்வகுப்பைக் காணலாம். ஆகவே, நோயறிபவன் வேறு, மருந்து தருபவன் வேறு என்னும் எண்ணம் தமிழர்க்குப் புதியதன்று. ஆயினும், சுங்காயிலிருந்து ஈப்போ சென்று தனியார் கண் மருத்துவரைக் காண்போர் பலர், அவருடைய கிளினிக்கிலேயே சொட்டு மருந்தையும் பெற்றுத் திரும்புகின்றனர். சட்டம் இதனை ஒப்புகின்றதா? ஆராய்வோம்.

மலேசியாவில் இதற்கு அடிப்படை 1952ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டம். மருந்தை நஞ்சென்பதா என வியக்க வேண்டா. அளவு மிகினும் ஆள் மாறினும் தீங்கு செய்யவல்ல பொருள்களையே சட்டம் அப்பெயரால் அழைக்கின்றது. அவற்றைச் சில்லறையாக விற்கும் உரிமை, உரிமம் பெற்ற மருந்தாளருக்கு உரியது. ஆனால் 19ஆம் பிரிவு ஒரு விலக்கு அளிக்கின்றது. பதிவு பெற்ற மருத்துவர், தம் நோயாளிக்கு, அந்நோயாளியின் சிகிச்சைக்காக மட்டும் மருந்து வழங்கலாம். கண் மருத்துவரும் இவ்விலக்கில் அடங்குவார். 'தம் நோயாளி' என்னும் சொல்லே இங்கு உயிர்நிலை. தாம் சோதிக்காத அண்டை வீட்டாருக்கு அவர் மருந்து விற்றல் ஆகாது.

உரிமையோடு கடமையும் உண்டு. கொடுக்கும் மருந்தின்மீது நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், பயன்படுத்தும் முறை, தேதி, கொடுத்தவரின் பெயர், முகவரி ஆகியவை இருத்தல் வேண்டும். அரசாங்க மருத்துவமனையிலோ முறை வேறு: மருத்துவர் எழுதுவார், மருந்தகத்தார் கொடுப்பர்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை அளப்போரையும் 'கண் டாக்டர்' என்றே நம் மக்கள் அழைக்கின்றனர். அவர்கள் 1991ஆம் ஆண்டின் பார்வைத் துறைச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெறுவோர், மருத்துவர் அல்லர். மேற்கூறிய விலக்கு அவர்களுக்கு இல்லை.

கண் மருந்தில் இத்துணைக் கட்டுப்பாடு எதற்கு? ஸ்டீராய்டு கலந்த சொட்டு, சிவந்த கண்ணை விரைவில் தெளியச் செய்யும். அத்தெளிவைக் கண்டு மயங்கி நெடுநாள் இட்டு வந்தால், கண்ணின் அழுத்தம் உயர்ந்து பார்வை நரம்பு கெடலாம், புரையும் வளரலாம். கிருமியால் வந்த புண்ணாயின் அது மோசமாகவும் கூடும். ஒருவருக்குக் கொடுத்த புட்டியை வீட்டார் அனைவரும் பயன்படுத்துவதை நான் கண்டிருக்கிறேன். இது நோயைப் பகிர்ந்துகொள்வதேயாகும்.

பிற நாட்டு நிலையும் அறியத்தக்கது. இந்தியாவில் 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 'கே' அட்டவணை, மருத்துவர் தம் நோயாளிக்கு மருந்து தர இடமளிக்கின்றது. ஆயின் திறந்த கடை வைத்தல் கூடாது. தென்கொரியா 2000ஆம் ஆண்டில் எழுதுவோரையும் கொடுப்போரையும் பிரித்தது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் மருத்துவர் மருந்து விற்பதைப் பொதுவாகத் தடுத்து, மருந்துக் கடை அருகில்லாத நாட்டுப்புறத்திற்கு மட்டும் விலக்களித்தது.

பிரிக்க வேண்டும் என்போர், விற்பனை ஆதாயம் மருத்துவரின் எழுதுகோலை வளைக்கக்கூடும் என்பர். இன்னொருவர் சரிபார்த்தால் பிழை குறையும் என்பர். வேண்டா என்போர், நோயாளியின் அலைச்சலைச் சுட்டுவர். தோட்டங்கள் செழித்திருந்த நாளில் டிரெஸரே பார்த்து, அவரே மருந்தும் கொடுத்தார். இல்லையேல் பலருக்கு மருந்தே கிட்டியிராது. கண் மங்கிய முதியவரை இரண்டு இடங்களுக்கு அலையவிடுவது எளிய செய்தியன்று. இரு கூற்றிலும் உண்மை உண்டு.

சட்டம் எவ்வாறாயினும் நோயாளியின் கையில் சில கருவிகள் உள்ளன. 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் மருந்தகங்களும் மருந்தின் விலையைக் காட்ட வேண்டும் என்னும் ஆணை நடைமுறைக்கு வந்துள்ளது. விலையைப் பாருங்கள். புட்டியில் உங்கள் பெயரும் மருந்தின் பெயரும் உள்ளனவா எனப் படியுங்கள். எத்தனை நாள் இட வேண்டும், திறந்த புட்டியை எப்போது எறிய வேண்டும் எனக் கேளுங்கள். வெளியில் வாங்க விரும்பினால் மருந்துச் சீட்டைக் கேட்கத் தயங்காதீர்கள்.

படிக்க இயலாத பெற்றோருக்குப் பிள்ளையே அச்சீட்டைப் படித்துக் காட்டலாம். அதற்கு அவனைப் பழக்குவதும் நம் மொழிப்பாடத்தின் பயனன்றோ?