காற்றில் நிற்கும் மலை

உலகப் படத்தில் கரீபியன் கடலைக் கண்டுபிடியுங்கள். அதன் கிழக்கு விளிம்பில், வடக்கிலிருந்து தெற்காகச் சின்னச் சின்னத் தீவுகள் வளைந்த வரிசையில் நிற்கும். அந்த வரிசையின் நடுவில், குவாதலூப்புக்கும் மார்த்தினிக்குக்கும் இடையில் இருக்கிறது டொமினிக்கா. (டொமினிக்கன் குடியரசு வேறு நாடு, குழப்பிக்கொள்ளாதீர்கள்.) தீவின் நீளம் வெறும் 47 கிலோமீட்டர். அங்கே வாழ்பவர்கள் ஏறக்குறைய எழுபதாயிரம் பேர்தான். ஆனால் உயரத்தைப் பாருங்கள்: அதன் மிகப் பெரிய சிகரம் 1447 மீட்டர்! இவ்வளவு சிறிய தீவில் இவ்வளவு உயரமான மலை. அந்த மலையை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். இன்று நாம் பேசப்போகும் பலவற்றுக்கும் அதுதான் காரணம்.

இந்தத் தீவைச் சுற்றிப் பார்க்க ஒரு குடும்பம் பாய்மரப் படகில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அம்மா, அப்பா, பத்து வயது அக்கா, ஏழு வயதுத் தம்பி. படகு 12 மீட்டர் நீளம். தூங்குவது, சமைப்பது, படிப்பது எல்லாம் அதற்குள்தான். கரீபியன் கடலில் இப்படி மாதக்கணக்காகவும் ஆண்டுக்கணக்காகவும் வாழும் குடும்பங்கள் நிறைய உண்டு. அந்தப் பிள்ளைகளுக்குக் காற்றும் தண்ணீரும் தேர்வில் வரும் கேள்விகள் அல்ல, அன்றாட வேலை.

வடக்கே லே சேன்த் என்ற குட்டித் தீவுகளிலிருந்து காலையில் புறப்படுகிறார்கள். அவை குவாதலூப்பைச் சேர்ந்தவை. குவாதலூப்புக்கும் நமக்கும் ஒரு பழைய உறவு இருக்கிறது. 1854 முதல் பல ஆண்டுகள், புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாக ஆயிரக்கணக்கான தமிழர்களைக் கரும்புத் தோட்ட வேலைக்கு அங்கே கப்பலில் கொண்டுபோனார்கள். அவர்களுடைய வழிவந்தவர்கள் இன்றும் அங்கே மாரியம்மனைக் கும்பிடுகிறார்கள்.

சரி, படகுக்கு வருவோம். படகு தெற்கே போக வேண்டும். காற்றோ கிழக்கிலிருந்து அடிக்கிறது. நம் மீனவர்கள் கொண்டல் என்று சொல்லும் திசைக்காற்று. கிழக்கிலிருந்து அடிக்கும் காற்று படகை மேற்கே அல்லவா தள்ள வேண்டும்? அது எப்படித் தெற்கே போகிறது?

பாய் தட்டையாக இல்லை, வளைந்திருக்கிறது. காற்று அந்த வளைவைத் தழுவிக்கொண்டு திரும்பிப் போகிறது. காற்றைப் பாய் ஒரு பக்கம் திருப்பிவிட்டால், காற்று பாயை மறுபக்கம் தள்ளும். இந்தத் தள்ளலில் ஒரு பகுதி பக்கவாட்டில் போகும், ஒரு பகுதி முன்னால் போகும். படகின் வயிற்றுக்குக் கீழே, தண்ணீருக்குள், கீல் என்ற கனமான பலகை இறங்கியிருக்கிறது. பக்கவாட்டில் நகர வேண்டுமானால் அது ஏராளமான தண்ணீரை ஒதுக்கித் தள்ள வேண்டும்; அது எளிதல்ல. முன்னால் நகர்வது எளிது. ஊறவைத்த புளியங்கொட்டையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்திப் பாருங்கள். நீங்கள் அழுத்துவது இரண்டு பக்கமும். அது துள்ளிப் பாய்வதோ முன்னால். பாய் ஒரு விரல், கீல் இன்னொரு விரல்.

இதே வித்தையால் காற்று வரும் பக்கத்தை நோக்கியும் போகலாம். ஆனால் நேராக முடியாது. காற்றின் திசையிலிருந்து ஏறக்குறைய 45 பாகை விலகி, கொஞ்ச தூரம் வலப்பக்கம், கொஞ்ச தூரம் இடப்பக்கம் என்று வளைந்து வளைந்துதான் முன்னேற வேண்டும்.

இந்தக் காற்று ஏன் நாள் தவறாமல் கிழக்கிலிருந்தே வருகிறது? பூமத்திய ரேகைப் பக்கம் வெயில் அதிகம். அங்கே சூடான காற்று மேலே எழும்புகிறது. அந்த இடத்தை நிரப்ப வடக்கிலிருந்து காற்று ஓடி வருகிறது. பூமி சுழல்வதால் அந்தக் காற்றின் பாதை வலப்பக்கம் வளைந்து, வடகிழக்கிலிருந்து வரும் காற்றாகிவிடுகிறது. இதுதான் வியாபாரக் காற்று. கொலம்பஸின் கப்பல்களை 1493 நவம்பர் 3 அன்று இந்தத் தீவின் பக்கம் கொண்டுவந்ததும் இதே காற்றுதான். அதற்கு எவ்வளவோ காலம் முன்பிருந்தே கலினாகோ மக்கள் அங்கே வாழ்ந்துவந்தார்கள். பெரிய மரத்தைக் குடைந்து செய்த வள்ளங்களில் தீவுக்குத் தீவு போய்வந்த கடலோடிகள் அவர்கள். இன்றும் தீவின் கிழக்குக் கரையில் அவர்களுக்கென்று தனி நிலப்பகுதி இருக்கிறது. கொலம்பஸுக்கு முன்பே இந்தக் கடலைப் படித்தவர்கள் அவர்கள் என்பதை யாரும் மறக்கக் கூடாது.

ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் தீவின் வடமேற்கு மூலையில் இருக்கும் பிரின்ஸ் ரூபர்ட் விரிகுடாவுக்குள் படகு நுழைகிறது. தம்பி ஒரு மஞ்சள் கொடியை ஏற்றுகிறான். ‘இப்போதுதான் வந்திருக்கிறோம், இன்னும் அனுமதி வாங்கவில்லை’ என்பது அதன் பொருள். கரையில் முத்திரை குத்தி வாங்கியதும் அதை இறக்கிவிட்டு டொமினிக்காவின் கொடியை ஏற்ற வேண்டும். அந்தக் கொடியின் நடுவில் சிசெரு என்ற கிளி இருக்கிறது. உலகத்தில் வேறு எங்கும் காட்டில் வாழாத கிளி.

இங்கே அக்கா ஒன்றைக் கவனிக்கிறாள். விரிகுடாவில் நிறையப் படகுகள் நிற்கின்றன. ஆனால் வரைபடத்தில் தீவின் கிழக்குக் கரையில் நங்கூரக் குறிகள் அனேகமாக இல்லை. ஏன்?

மலை! காற்றும் அலையும் கிழக்கிலிருந்து வந்து மலையில் மோதுகின்றன. மேற்குப் பக்கம் மலைக்குப் பின்னால் மறைவாக இருப்பதால் கடல் அமைதியாக இருக்கிறது. கிழக்கே நங்கூரம் போட்டால் இரவு முழுவதும் காற்று படகைப் பாறைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும்.

நங்கூரம் தன் எடையால் படகைப் பிடித்து வைப்பதில்லை. மண்ணில் புதைந்து பிடிக்கிறது. மேல்நோக்கி இழுத்தால் பெயர்ந்துவிடும், கிடையாக இழுத்தால் இன்னும் ஆழமாகப் புதையும். அதனால்தான் 6 மீட்டர் ஆழத்துக்கு 30 மீட்டர் சங்கிலி விடுகிறார்கள். சங்கிலியின் பெரும் பகுதி தரையில் படுத்துக் கிடந்து, இழுப்பைக் கிடையாக்குகிறது. கடல்புல் வளர்ந்த இடமானால் நங்கூரம் போடாமல், உள்ளூர்ப் படகுக்காரர்கள் வைத்திருக்கும் மிதவையில் கட்டிவிடுவது நல்லது. அந்தப் புல்லை ஆமைகள் மேய்கின்றன.

படகில் 400 லிட்டர் நல்ல தண்ணீர்த் தொட்டி. நான்கு பேருக்கு அது எத்தனை நாள் வரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அதனால் பாத்திரத்தைக் கடல் நீரில் கழுவி, கடைசியாக ஒரு குவளை நல்ல தண்ணீரில் அலசுகிறார்கள். துணிக்கு மட்டும் அந்த வழி ஆகாது. கடல் நீரில் துவைத்த துணியில் உப்பு தங்கிவிடும்; அந்த உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். எத்தனை வெயிலில் போட்டாலும் சாயங்காலம் துணி மறுபடி பிசுபிசுக்கும்.

கடல் நீரையே குடிநீராக மாற்றும் ஒரு சிறு இயந்திரமும் இருக்கிறது. உங்கள் வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தின் அண்ணன் அது. ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. அவ்வளவு உப்பிலிருந்து நீரைப் பிரித்துச் சவ்வின் வழியே தள்ள, நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தத்தைப் போல ஐம்பது மடங்குக்கு மேல் அழுத்தம் தேவை. அதற்கு மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்கு மேல்தளத்துச் சூரியப் பலகை வேண்டும். மேகமூட்டமான நாளில் இயந்திரம் ஓய்வெடுக்கும்.

ஆனால் டொமினிக்காவில் மேகம் வந்தால் கவலைப்பட வேண்டியதில்லை, மழையே வந்துவிடும்! அதற்கும் மலைதான் காரணம். கடலின் ஈரத்தைச் சுமந்து வரும் காற்று மலையில் முட்டி மேலே ஏறுகிறது. மேலே போகப் போக அழுத்தம் குறையும், காற்று விரியும், விரியும்போது குளிரும். நூறு மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஒரு பாகை குறையும். குளிர்ந்த காற்றிலிருந்த நீராவி துளிகளாகி மேகமாகிறது, பிறகு மழையாகிறது. மலைப்பகுதியில் சில இடங்களில் ஆண்டுக்கு 7000 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்கிறது. மேற்குக் கரையில் அதில் பாதிகூட இல்லை. தீவில் ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் ஆறு என்று 365 ஆறுகள் இருப்பதாக உள்ளூர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள்.

அந்த ஆறுகளில் ஒன்றான இண்டியன் ஆறு இந்த விரிகுடாவில்தான் கடலில் கலக்கிறது. அதற்குள் மோட்டார் ஓட்டக் கூடாது. துடுப்புப் படகில்தான் கூட்டிப்போவார்கள். கரையில் நிற்கும் மரங்களின் வேர்கள் தரைக்கு மேலேயே சுவர்களாக எழுந்து விரிந்திருக்கும். சேற்றுக்குள் ஆக்சிஜன் குறைவு. வேர் ஆழமாக இறங்க முடியாது. விழாமல் நிற்க, அகலமாகப் பரவுகிறது மரம்.

மழைநீரில் கொஞ்சம் வேறு வழியிலும் போகிறது: கொதிக்கப் போகிறது! தீவின் தெற்கு மலைகளுக்குள் ஒரு கொதிக்கும் ஏரி இருக்கிறது. போய்த் திரும்ப ஒரு பகல் முழுக்க ஆகும் கடினமான நடை, வழிகாட்டி இல்லாமல் போகக் கூடாது. ஏறக்குறைய 60 மீட்டர் அகலமான குழியில் சாம்பல்நீலத் தண்ணீர் குமுறிக்கொண்டிருக்கும். ஓரத்தில் அளந்தபோது 82 முதல் 92 பாகை செல்சியஸ் வரை வெப்பம் இருந்தது. நடுவில் யாரும் போய் அளக்க முடியாது.

அடுப்பு எங்கே இருக்கிறது? பூமியின் மேலோடு பல தட்டுகளாகப் பிரிந்திருக்கிறது. அட்லாண்டிக் கடலின் தரை ஆண்டுக்கு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் வேகத்தில் கரீபியன் தட்டின் அடியில் புகுந்துகொண்டிருக்கிறது. அது கீழே போகும்போது தன்னோடு தண்ணீரையும் கொண்டுபோகிறது. ஆழத்தில் அந்தத் தண்ணீர் பிழியப்பட்டு, மேலேயுள்ள சூடான பாறையில் கலக்கிறது. தண்ணீர் கலந்த பாறை, சாதாரணமாக உருகும் வெப்பத்துக்கு முன்பே உருகிவிடும். அப்படி உருகிய மாக்மா மேலே வந்து எரிமலையாகிறது. டொமினிக்காவின் மலைகள் எல்லாம் அப்படிப் பிறந்தவைதான். கீழேயிருந்து வரும் நீராவியும் வாயுக்களும் குழியில் தேங்கிய நீரைச் சூடாக்கிக் குமுறவைக்கின்றன. 2004 டிசம்பரில் இந்த ஏரி வற்றிப்போய், சில மாதங்களில் மறுபடி நிறைந்தது.

தலைநகர் ரோசோவுக்குத் தெற்கே, ஷாம்பெய்ன் பாறைத்திட்டு என்ற இடத்தில், இதே வாயு கடலுக்குள் குமிழ் குமிழாகக் கிளம்புகிறது. முகமூடியும் மூச்சுக்குழாயும் போட்டுக்கொண்டு தம்பியும் மிதந்து பார்க்கலாம்.

இனி நான் மிகவும் விரும்பும் பகுதிக்கு வருகிறேன். மலை தண்ணீருக்கு மேலே முடிவதில்லை. கீழேயும் செங்குத்தாக இறங்குகிறது. மேற்குக் கரையிலிருந்து சில கிலோமீட்டர் போனாலே ஆழம் 1000 மீட்டரைத் தாண்டும். மேலே காற்றுமறைவான அமைதிக் கடல், கீழே கணவாய்கள் வாழும் இருட்டு ஆழம். ஸ்பெர்ம் திமிங்கிலங்களுக்கு இதைவிட நல்ல இடம் ஏது? செய்தித்தாளில் அம்பர்கிரீஸ் கடத்தல் என்று படித்திருப்பீர்களே, அந்தப் பொருள் இந்தத் திமிங்கிலத்தின் குடலில்தான் உருவாகிறது.

அப்பா பாயை இறக்குகிறார். அக்கா தண்ணீருக்குள் ஹைட்ரோபோன் என்ற ஒலிவாங்கியை விடுகிறாள். மோட்டார் ஓடாததால் தெளிவாகக் கேட்கிறது: டிக், டிக், டிக் என்று இடைவிடாத ஒலி. இருட்டில் இரை எங்கே என்று எதிரொலியால் தேடும் ஒலி அது. திடீரென்று ஒலி நிற்கிறது. சற்று நேரத்தில் திமிங்கிலம் மேலே வந்து மூச்சுவிடும்போது நீர்ப்புகை எழும். மற்றத் திமிங்கிலங்கள் பலவற்றுக்கு அது நேராக எழும். இதற்கு இடப்பக்கம் சாய்ந்து முன்னால் பாயும். மூக்குத்துளை தலையின் இடப்பக்க நுனியில் இருப்பதால் அப்படி. பத்து நிமிடம் மூச்சு வாங்கிவிட்டு, முக்கால் மணி நேரத்துக்கு மறுபடி ஆழத்துக்குப் போய்விடும்.

2005 முதல் இங்குள்ள திமிங்கிலங்களைக் கனடாவைச் சேர்ந்த ஷேன் கெரோவும் அவர் குழுவினரும் குடும்பம் குடும்பமாக அடையாளம் கண்டு படித்துவருகிறார்கள். பாட்டி, அம்மா, பெரியம்மா, சித்தி, கன்றுகள் என்று சேர்ந்து வாழும் குடும்பங்கள். கன்றால் அவ்வளவு ஆழம் போக முடியாது. அம்மா இரை தேடப் போனால், வேறொரு பெண் திமிங்கிலம் மேலே கன்றோடு இருக்கும். இந்தக் குடும்பங்கள் பேசிக்கொள்ளும்போது ஒரு தாளம் அடிக்கடி வரும். மேசையில் தட்டிப் பாருங்கள்: முதலில் இரண்டு தட்டு, இடைவெளி விட்டு; பிறகு மூன்று தட்டு, வேகமாக. வேறு கடல்களில் வாழும் ஸ்பெர்ம் திமிங்கிலங்களுக்கு வேறு தாளங்கள். கன்றுகள் இதைப் பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் பழகுகின்றன.

அம்மா ஆழத்தில் இருக்கும் நேரத்தில் பெரிய கப்பல் வேகமாக வந்தால், மேலே மிதக்கும் கன்று அடிபடலாம். 2023 நவம்பரில் டொமினிக்கா அரசு தன் மேற்குக் கடலில் ஏறக்குறைய 800 சதுர கிலோமீட்டரை ஸ்பெர்ம் திமிங்கிலக் காப்பகமாக அறிவித்தது. அங்கே பெரிய கப்பல்கள் குறித்த வழியில் மட்டும் போக வேண்டும் என்பது திட்டம். அனுமதி இல்லாமல் திமிங்கிலங்களோடு நீந்தவும் கூடாது. எழுபதாயிரம் பேர் வாழும் ஒரு சின்ன நாடு எடுத்த இந்த முடிவை நான் மனதாரப் பாராட்டுகிறேன். பாய்மரப் படகுக் குடும்பங்களும் இங்கே தூரத்தில் நின்று, கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு, திமிங்கிலங்கள் போகும் வழியை விட்டு விலகித்தான் தெற்கே போகின்றன.