பழைய டிராக்டரின் பாட்டரிக்கு எத்தனை வோல்ட்?

ஆடி மாதத்து மழையில் நிலம் நனைந்து, நிலக்கடலை விதைப்புக்கு ஈரம் பதமாயிருக்கும். போளூர்த் தாலுகாவில் அவ்வாறான ஒரு காலையில் பழைய டிராக்டரின் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற சப்தம் மட்டும் கேட்பதுண்டு. நாலு பேர் கூடி வண்டியைத் தள்ளுவார்கள். பாட்டரி கெட்டதென்று புதிதும் வாங்குவார்கள். அதுவும் விரைவிலேயே கெடும்போது விற்றவரைக் குறை கூறுவார்களேயன்றி, அதற்கு மின்சாரம் ஊட்டும் டைனமோவையும் ரெகுலேட்டரையும் சோதிப்பவர் மிகச் சிலரே.

12 வோல்ட் பாட்டரியில் ஆறு அறைகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஈயத் தகடுகள் கந்தகத் திராவகத்தில் மூழ்கியிருக்கும். பிரான்சு தேசத்துப் பிளாந்தே என்பவர் 1859-ல் கண்டறிந்த முறை இன்றும் அடிப்படையில் மாறவில்லை. என்ஜினை நிறுத்திச் சில மணி நேரம் சென்றபின் அளந்தால், நிறைந்த பாட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும். 12-க்குக் கீழே இறங்கினால் ஏறக்குறைய வெறுமையென்றே கொள்ளலாம். வயலைவிட வாய்க்காலின் மட்டம் உயர்ந்திருந்தாலன்றி மடை பாயாது. அவ்வாறே, பாட்டரி நிறைய வேண்டுமாயின் என்ஜின் ஓடும்போது அதன் முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருத்தல் வேண்டும்.

இதற்குக் குறைந்தால் தகடுகளில் வெண்மையான உப்பு இறுகிப் படிந்து, பாட்டரி தன் கொள்ளளவை இழக்கும். மிகுந்தால் நீர் வாயுவாகப் பிரிந்து வற்றும். தகடுகள் வெளிப்பட்டு அரிக்கும். மாதந்தோறும் மிகுதியாக நீர் ஊற்ற நேர்ந்தால், ரெகுலேட்டர் அதிக வோல்ட் விடுகிறதோவென்று முதலில் சந்தேகிக்க வேண்டும். கடலோரத்தில் பழைய படகு மோட்டார்கள் பலவற்றில் ரெகுலேட்டரே கிடையாது. வேகம் ஏற ஏற வோல்ட்டும் ஏறும். மூடி திறவாத பாட்டரிக்கு மீண்டும் நீர் ஊற்ற வழியில்லையாதலால், அவ்வித மோட்டாருக்கு அது ஏற்றதன்று.

பலரும் கவனியாத விஷயம் உஷ்ணம். பாட்டரியின் சூடு ஒரு பாகை ஏறினால், தேவையான வோல்ட் ஏறக்குறைய 0.02 முதல் 0.03 வரை குறையும். 25 பாகைச் சூட்டில் 14.4 வோல்ட் வேண்டிய பாட்டரிக்கு, சித்திரை வெயிலோடு என்ஜின் வெக்கையும் சேர்ந்து 45 பாகையானால் 13.9 போதும். ஆகவே சமவெளியிலேயே உழும் வண்டிக்குக் கோடைக்காலத்தில் 14 வோல்ட்டுக்கு மேற்படாதிருத்தல் நலம். ஜவ்வாது மலைமேல் ஜமுனாமரத்தூர்ப் பக்கத்தில் சாமைக் கொல்லைகளுக்கிடையே ஓடும் வண்டிக்கு மார்கழிக் குளிரில் அதே அளவு பற்றாது. பழைய ரெகுலேட்டரைத் திருகி மாற்றலாமெனினும், அது மெக்கானிக் வோல்ட் மீட்டரை வைத்துச் செய்ய வேண்டிய காரியம். ஓட்டுநர் காதால் கேட்டுச் செய்வதன்று.

ரெகுலேட்டரைத் தொடுமுன் பெல்ட் தளர்ந்திருக்கிறதா, பாட்டரி முனைகளில் பூத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பூத்திருந்தால் என்ஜினை நிறுத்தி, கம்பிகளைக் கழற்றி, ஆப்பசோடா கலந்த வெந்நீர் உள்ளே புகாமல் துடைத்து, உலர்ந்தபின் இறுக்கி வாஸலின் தடவலாம். டைனமோவில் அளந்த வோல்ட்டுக்கும் பாட்டரியில் அளந்ததற்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசமிருந்தால் குற்றம் கம்பியிலோ இணைப்பிலோ உள்ளது. மெதுவான ஓட்டத்தில் டைனமோ மின்னேற்றம் செய்யாது. பாட்டரி ஏறட்டுமென்று வண்டியைக் களத்தில் மெல்ல ஓடவிட்டு நிறுத்தி வைப்பது டீசலுக்குத்தான் நஷ்டம்.

ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில், 'சார்ஜ் ஏறுகிறதா' என்று அறிய என்ஜின் ஓடும்போதே பாட்டரிக் கம்பியைக் கழற்றும் வழக்கம் மிகக் கெடுதி. உள்ளிருக்கும் டயோடுகள் கருகும். கிணற்று நீரும் கேன் தண்ணீரும் ஆகா. காய்ச்சி வடித்த நீரே வேண்டும். குறைந்தது நீரென்றால் ஆஸிட் சேர்ப்பதும் தவறு. மூடியைத் திறக்கும்போது பீடி நெருப்பு அருகில் வரலாகாது. வெளிவரும் ஹைட்ரஜன் வாயு வெடிக்கும்.

கூட்டுறவுச் சங்கத்தின் பொது டிராக்டர் உள்ள கிராமங்களில், மாதமொருமுறை ஓய்விலும் ஓட்டத்திலும் உள்ள வோல்ட்டை வண்டிப் புத்தகத்தில் தேதியுடன் எழுதிவைக்கும்படி அதிகாரிகள் ஏற்பாடு செய்யலாம். 14.2 காட்டிய வண்டி அடுத்த மாதம் 13.2 காட்டினால், விதைப்புக்கு முன்பே மெக்கானிக்கை அழைக்க அவகாசமிருக்கும். செத்த பாட்டரியை வீட்டருகே உடைத்து ஈயம் உருக்க விடலாகாது. அப்புகையும் தூசியும் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். 2022-ஆம் வருஷத்துப் பாட்டரிக் கழிவு விதிகளின்படி அதனைச் சேகரிப்போரிடமோ மறுசுழற்சி செய்வோரிடமோ ஒப்படைக்க வேண்டும்.