கரும்பலகையில் ஒரு 21 இலக்க எண்

சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு நெல்மணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போன கதை உங்களுக்குத் தெரியும், அல்லவா? அந்தப் பலகையில் 64 கட்டங்கள். நாம் இன்னும் மூன்று கட்டங்களை ஒட்டி 67 ஆக்குவோம். மொத்தம் எத்தனை மணிகள் தெரியுமா?

14,75,73,95,25,89,67,64,12,927!

இது பகா எண்ணா, பகு எண்ணா? இதைத்தான் பெரிய பெரிய கணித மேதைகள் கேட்டார்கள்.

முதலில் சின்னப் பலகையில் பார்ப்போம். 3 கட்டங்கள் என்றால் 1+2+4=7. ஐந்து கட்டங்களுக்கு 31. ஏழு கட்டங்களுக்கு 127. மூன்றுமே பகா எண்கள். 11 கட்டங்களுக்கு 2047. இதுவும் பகா எண் போலத்தான் தோன்றும். ஆனால் 23 × 89 = 2047! பார்த்தீர்களா, எப்படி ஏமாற்றுகிறது!

பிரான்ஸ் நாட்டுத் துறவி மெர்சென், 1644-ஆம் ஆண்டு ஒரு பட்டியல் வெளியிட்டார். 67 கட்டங்களின் கூட்டுத்தொகையும் பகா எண்ணே என்றது அது. 1876-இல் லூக்காஸ் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர், "இல்லை, இது பகு எண்" என்று நிரூபித்தார். வேடிக்கை என்னவென்றால், அதன் காரணிகள் எவை என்று அவருக்கும் தெரியாது! பூட்டிய டப்பாவை ஆட்டிப் பார்த்து, "உள்ளே ஏதோ இருக்கிறது" என்று சொல்வது போலத்தான்.

டப்பாவைத் திறந்தவர் அமெரிக்கப் பேராசிரியர் பிராங்க் நெல்சன் கோல். 1903 அக்டோபரில் நியூயார்க்கில் கணிதச் சங்கக் கூட்டம். கோல் எழுந்தார். வாய் திறக்கவில்லை. 2-ஐ 67 முறை பெருக்கி, ஒன்றைக் கழித்துக் கரும்பலகையில் எழுதினார். பக்கத்தில் இன்னொரு பெருக்கல்:

19,37,07,721 × 7,61,83,82,57,287

வரிவரியாகப் பெருக்கி முடித்தார். இரண்டு விடையும் ஒன்றே! பேசாமல் போய் உட்கார்ந்தார். அரங்கமே கைதட்டியது. எத்தனை நாள் பிடித்தது என்று கேட்டதற்கு, "மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள்" என்றாராம். கணித நூலாசிரியர் ஈ.டி.பெல் எழுதி வைத்த கதை இது.

கணினி இல்லாத காலம். எல்லா எண்ணாலும் வகுத்துப் பார்க்க முடியுமா? ஒரு விதி கைகொடுத்தது. 11 கட்டங்களின் காரணிகளான 23, 89 இரண்டையும், 11-இன் இரு மடங்கான 22-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதி 1 வரும். அதேபோல 67 கட்டங்களின் காரணியை 134-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். அப்படிப்பட்ட எண்களே 19 கோடிக்குள் 14 லட்சத்துக்கு மேல் உண்டு! அவற்றையும் சலித்தெடுக்க வேறு சல்லடைகள் வைத்திருந்தார் கோல்.

தேடத்தான் ஆண்டுகள். சரிபார்க்க ஒரு மணி நேரம் போதும். நோட்டைக் குறுக்காகத் திருப்பிக்கொண்டு நீங்களும் பெருக்குங்கள். இடையில் அலுத்துவிட்டால் இலக்கங்களைக் கூட்டிப் பாருங்கள். முதல் காரணிக்கு 37, அதாவது 3+7=10, 1+0=1. இரண்டாவதற்கு 64, அதுவும் 1. பெருக்கினால் 1. அப்படியானால் 21 இலக்க எண்ணுக்கும் 1 வந்தாக வேண்டும். வருகிறதா? வந்துவிட்டால் மட்டும் பெருக்கல் சரி என்று ஆகிவிடாது. வராவிட்டால் எங்கோ தப்பு என்பது நிச்சயம்.