ரெண்டு மில்லிமீட்டரும் கால் நொடியும்

கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், 10 மீட்டர் ஏர் ரைஃபிள் தகுதிச் சுற்றில் எடுத்தது 630.7. பத்தாவது இடம். இறுதிச் சுற்றுக்கு எட்டு பேர்தான். அதே சுற்றில் 631.5 எடுத்த ரமிதா ஜிண்டால் ஐந்தாவதாக உள்ளே போய்விட்டார். வித்தியாசம் 0.8. இது நிஜத்துல எவ்வளவு தூரம்னு கணக்கு போட்டுப் பார்த்தேன்.

இலக்கில் ஒரு வளையத்துக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி 2.5 மி.மீ. மின்னணு இலக்கு அதைப் பத்தாகப் பிரிக்கிறது. ஆக 0.1 புள்ளி என்பது கால் மில்லிமீட்டர். 0.8 என்றால் சுமார் 2 மி.மீ. அதுவும் ஒரே குண்டில் இல்லை, 60 குண்டுகளையும் சேர்த்து! குண்டோட விட்டமே 4.5 மி.மீ.

இங்கே 75 நிமிஷத்துக்குள் முடித்தால் போதும், சீக்கிரம் முடிச்சதுக்கு மார்க் கிடையாது. நம்ம ஊர் கிரிவலம் மாதிரி: 14 கிலோமீட்டரை எத்தனை மணி நேரத்துல சுத்தினீங்கன்னு யாரும் கேக்கறதில்ல.

பிராக்டிகல் ஷூட்டிங் இதற்கு நேர் எதிர். ஓடிக்கொண்டே பல இலக்குகளைச் சுட வேண்டும். எடுத்த புள்ளியை நொடிகளால் வகுத்தால் வருவது ஹிட் ஃபேக்டர். 80 புள்ளி எடுக்கக்கூடிய ஒரு ஸ்டேஜில் ஒருத்தர் 10 நொடியில் முழுசா 80 எடுக்கிறார்: 8. இன்னொருத்தர் 8 நொடியில் 72: 9. ஜெயிச்சது ரெண்டாமவர். அவருக்கு ஸ்டேஜின் 80 புள்ளியும். ஒரு குண்டுகூட நடுவிலிருந்து விலகாதவருக்கு 71.1 மட்டும்.

அநியாயமா தோணும். ஆனா ஹிட் ஃபேக்டரை நொடியின் விலையாகப் படிச்சா புரியும். 8 என்றால் ஒரு நொடிக்கு 8 புள்ளி. மைனர் வகைத் துப்பாக்கிக்கு நடுப்பகுதியான ஏ-க்கு 5, சி-க்கு 3. அந்த 2 புள்ளிக்காகக் கால் நொடிக்கு மேல் குறி பார்த்தால் நஷ்டம்தான். நின்று நிதானமாகச் சுடும் கஷ்டமான ஸ்டேஜில் ஹிட் ஃபேக்டர் 4-க்கு இறங்கினால், அதே 2 புள்ளிக்கு அரை நொடி வரை செலவு பண்ணலாம்.

இலக்கையே தவறவிட்டால் மட்டும் கதை வேற. வர வேண்டிய 5 போச்சு, அபராதம் 10, மொத்தம் 15 புள்ளி. ஹிட் ஃபேக்டர் 8-இல் அது கிட்டத்தட்ட 1.9 நொடி. சந்தேகம் வந்தா, குறி மாறாமல் இருக்கும்போதே இன்னொரு குண்டு போட்டுடறதுதான் மலிவு.