நாங்க பேர் எழுத வரல

பயிற்சிக்கு வருகிறவர்களிடம் களத்துக்குப் போய் வரும்வரை படிவத்தைக் காட்டமாட்டேன். தாள் கைக்கு வந்துவிட்டால் கண் அதற்குள் போய்விடும்; எதிரே உட்கார்ந்திருக்கிற ஆள் தெரியமாட்டார். “கேள்வி எல்லாம் போன்லயே வந்துடும்னு சொன்னாங்களே அக்கா?” என்று யாராவது கேட்பார்கள். வரும் தம்பி. அதற்கு முன்னால் கொஞ்சம் நடக்க வேண்டியிருக்கிறது.

புயலோ வெள்ளமோ அடித்த ஊருக்கு முதலில் போய்ச் சேருகிற தொண்டு நிறுவனப் பணியாளர்களுக்கு, அங்கே எது அவசரம் என்பதை இரண்டு மூன்று நாளுக்குள் அறிந்து வரக் கற்றுக்கொடுப்பது என் வேலை. விரைவுத் தேவை மதிப்பீடு என்பார்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கங்களில்தான் அதிகம் நடத்துகிறோம். செப்டம்பர் தோதான மாதம். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் எல்லோருக்கும் வேறு வேலை வந்துவிடும்.

இதை வருவாய்த் துறையின் சேதக் கணக்கெடுப்போடு குழப்பிக்கொள்ளாதவர் குறைவு. விஏஓ வீடு வீடாக வருவார். எத்தனை கூரை போயிற்று, எத்தனை ஆடு செத்தது, பட்டா யார் பேரில் என்று எழுதுவார். அதை வைத்துத்தான் இழப்பீடு. ஒரு வீடும் விடுபடக் கூடாது என்பதால் வாரக்கணக்கில் ஆகும். நாங்கள் செய்வது வேறு. பாதிக்கப்பட்ட பகுதியில் கடலோரம், உள்பகுதி, தாழ்வான இடம், சாலைக்குத் தூரமான இடம் என்று வகைக்குச் சில ஊர்களைத் தேர்ந்து, ஊர் முழுவதற்குமாகக் கேட்டு, பார்த்து, எங்கே யாருக்கு எது முதலில் போக வேண்டும் என்று சொல்வது. ஐ.நா. அமைப்புகளின் வழிகாட்டுதலும் இப்படித்தான்: முதல் 72 மணி நேரத்தில் ஏற்கெனவே உள்ள தகவலை வைத்து ஒரு முதல் சித்திரம், இரண்டு வாரத்துக்குள் களத்தில் போய்ப் பார்த்த மதிப்பீடு. துல்லியத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து வேகத்தை வாங்குகிறோம். மூன்று வாரம் கழித்து வரும் அப்பழுக்கற்ற அறிக்கையை நிவாரண லாரிக்காரர் படிக்கப்போவதில்லை.

ஆனால் ஊர்க்காரருக்கு இந்த வித்தியாசம் எப்படித் தெரியும்? கழுத்தில் அட்டை மாட்டி, கையில் போனோடு வந்தவர் எல்லோரும் அவருக்குப் பேர் எழுத வந்தவர்தான். அதனால் முதல் பாடம் ஒரு நாடகம். நான் கிழவியாக உட்கார்ந்துகொள்வேன்.

“நேத்து ரெண்டு பேரு வந்தாங்க, முந்தாநேத்து ஒரு காரு வந்துச்சு. எல்லாரும் ஆதார் நம்பர எழுதிக்கிட்டுத்தான் போனாங்க. நீ என்னத்தக் கொண்டாரப் போற?”

பத்தில் எட்டுப் பேர் இந்த இடத்தில் இளகிவிடுவார்கள். “கண்டிப்பா ஏற்பாடு பண்றோம் பாட்டி.” அங்கேயே நிறுத்துவேன். அந்தக் ‘கண்டிப்பா’வை நம்பி அந்தப் பாட்டி பக்கத்து ஊர் மகள் வீட்டுக்குப் போகாமல் இங்கேயே உட்கார்ந்திருந்தால்? பிறகு, சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பழகச் சொல்வேன். “பாட்டி, நாங்க பேர் எழுத வரல. ஊருல என்ன இருக்கு, என்ன இல்லன்னு பாத்துட்டுப் போயி, உதவி பண்றவங்ககிட்ட சொல்லுவோம். சாமான் வருமா, எப்ப வரும்னு எங்களால சொல்ல முடியாது. பேச இஷ்டமில்லன்னா பேச வேணாம்.” நல்ல மனசுக்காரப் பிள்ளைகளுக்குத்தான் இதைச் சொல்ல வாய் வராது. திரும்பத் திரும்பச் சொல்லவைத்து, சங்கடம் போனபிறகுதான் அடுத்ததற்குப் போவோம்.

அடுத்தது, ‘உங்களுக்கு என்ன வேணும்?’ என்று கேட்காமல் இருப்பது. அந்தக் கேள்விக்கு, கேட்பவர் எதைக் கொடுப்பார் என்று தோன்றுகிறதோ அதுவே பதிலாக வரும். மக்கள் முட்டாள்கள் அல்ல. அதற்குப் பதில், “நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க? தண்ணி எங்கேருந்து வந்துச்சு? யாரு போயி எடுத்தா? எவ்வளவு நேரம் நின்னாங்க?” என்று நடந்ததைக் கேட்க வேண்டும்.

இந்தப் பாடத்துக்குச் சான்று தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த சில நாட்களில் நாடெங்கிலுமிருந்து லாரி லாரியாகப் பழைய துணி வந்து இறங்கியது. கடலோரத்து மக்கள் அதைத் தொடவில்லை. உழைத்துச் சம்பாதித்துப் புதுசு உடுத்தியவர்கள் அவர்கள். துணி சாலையோரம் குவிந்து கிடந்து நனைந்து நாறியது. அதை அப்புறப்படுத்துவதே நிர்வாகத்துக்குத் தனி வேலையானது. பின்னால் படகு வந்தது. இழந்த படகைக் கணக்கிட்டு, கேட்டவர்களுக்கு எல்லாம் ஃபைபர் படகு கொடுத்ததில், சில இடங்களில் சுனாமிக்கு முன்பு இருந்ததைவிடப் படகு கூடிப்போனது. அதே நேரம், மீன் ஏலம் எடுத்துத் தலைச்சுமையாக விற்ற பெண்களும், உப்புநீர் புகுந்த வயலில் கூலி வேலை செய்த தலித் குடும்பங்களும், முகத்துவாரத்தில் கையால் இறால் பிடித்த இருளர்களும் ‘பாதிக்கப்பட்ட மீனவர்’ என்ற கட்டத்துக்குள் வரவே இல்லை.

மீனவ கிராமத்தில் தலைக்கட்டுக் கணக்கு ஒன்று உண்டு. கல்யாணமான ஆண்மகன் ஊருக்கு வரி கொடுப்பார். அந்த வரிப் பட்டியலே ஊர்ப் பட்டியல். சுனாமி நிவாரணத்துக்குப் பஞ்சாயத்தார் நேர்மையாகத்தான் அதை எடுத்துக் கொடுத்தார்கள். வரி கொடுக்க ஆண் இல்லாத வீடு, கணவனை இழந்த பெண் மட்டும் இருக்கிற வீடு, பல ஊர்களில் அதில் இல்லை. ஊர்ப் பெரியவர் தருகிற பட்டியலை மறுக்கச் சொல்லவில்லை, வாங்கி வைத்துக்கொண்டு, “இதுல சேராத வீடு எத்தன இருக்கும்ணே?” என்று அவரிடமே கேட்கச் சொல்கிறேன். பெரும்பாலும் அவரே சொல்லிவிடுவார். யாரும் இதுவரை கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் காலையில் சுண்ணக்கட்டியும் குடமும். உலகளவில் மனிதாபிமான உதவிக்கு ஸ்ஃபியர் என்ற குறைந்தபட்ச அளவுகோல் இருக்கிறது. அது வந்த கதை கொடுமையானது. 1994-இல் ருவாண்டாவிலிருந்து தப்பி, அன்றைய சாயிரின் கோமா நகருக்குப் போன அகதிகளில் ஏறக்குறைய 50,000 பேர் ஒரே மாதத்தில் காலராவிலும் வயிற்றுப்போக்கிலும் செத்துப்போனார்கள். ருவாண்டா நெருக்கடியில் உதவி நடந்த விதத்தை எல்லோரும் கூடி ஆராய்ந்த பிறகு, 1997-இல் இந்த முயற்சி தொடங்கியது. ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர். தங்குமிடத்தில் ஆளுக்கு மூன்றரைச் சதுர மீட்டர். 20 பேருக்கு ஒரு கழிப்பறை. ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று.

எண்ணை மனப்பாடம் செய்ய வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பெரிய பிளாஸ்டிக் குடத்தில் ஏறக்குறைய 15 லிட்டர் பிடிக்கும். ஆளுக்கு ஒரு குடம். குடிக்க, குளிக்க, துவைக்க, சமையலுக்கு உன் பங்கு, எல்லாம் அன்றைக்கு அதிலேதான். சாயங்காலத்துக்குள் சண்டை வந்துவிடும். அதன் பிறகு முகாமில் டேங்கர் லாரியைப் பார்த்தால், ‘தண்ணீர் வருகிறது’ என்று எழுதிவிட்டுப் போகமாட்டார்கள். எத்தனை லிட்டர், எத்தனை பேர் என்று வகுத்துப் பார்ப்பார்கள். அதேபோல் மண்டபத் தரையில் இரண்டு மீட்டருக்கு ஒன்றே முக்கால் மீட்டர் கட்டம் போட்டு, துணிமூட்டையோடு அதற்குள் படுக்கச் சொல்வேன். சுனாமிக்குப் பிறகு தார் ஷீட்டில் கட்டிய தற்காலிகக் குடியிருப்புகளில் சித்திரை வெயிலைக் கழித்தவர் எங்கள் பக்கத்தில் நிறைய. ஒரு முறை அப்படி ஒருவர் பயிற்சிக்கு வந்திருந்தார். கட்டத்தைப் பார்த்துவிட்டு, “இடம் இருந்துச்சு அக்கா, உள்ள இருக்கத்தான் முடியல” என்றார். அன்றிலிருந்து, ஒரு தங்குமிடத்துக்குள்ளாவது உச்சிவெயிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பதைச் சேர்த்துக்கொண்டோம்.

இறந்தவர் எண்ணிக்கையைத் தேவையின் அளவாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் பத்திரிகைகளுக்கும் உண்டு, எங்களுக்கும் உண்டு. கஜா புயல் அதை உடைத்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. முன்கூட்டியே மக்களை முகாம்களுக்குக் கொண்டுபோனதால் அத்தனை பெரிய புயலுக்கு உயிரிழப்பு குறைவு. முதல் நாள் பாராட்டுதான். ஆனால் பட்டுக்கோட்டை, பேராவூரணி தென்னந்தோப்புகள் தரையோடு படுத்துவிட்டன. மறுபடி நட்டால் காய்க்க ஐந்தாறு வருடம் ஆகும் மரம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. மின்சாரம் இல்லையென்றால் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறாது. ஊரில் கிணறும் தொட்டியும் நன்றாக இருக்க, குடிக்கத் தண்ணீர் இல்லாமல் சாலை மறியல் செய்தார்கள். அந்த ஊருக்குத் தண்ணீர் பாட்டில் அனுப்புவதைவிட வாடகைக்கு ஒரு ஜெனரேட்டரும் டீசலும் அனுப்புவது மலிவு, வேகம். ‘தண்ணீர் இல்லை’ என்று மட்டும் எழுதி வந்தால் பாட்டில்தான் போகும். ஏன் இல்லை என்று இன்னொரு கேள்வி கேட்டு வந்திருந்தால் ஜெனரேட்டர் போகும்.

களப் பயிற்சிக்கு உண்மையான ஊருக்கே போகிறோம். ஊராட்சித் தலைவரிடம் சொல்லிவிட்டு, டீக்கடையில் தொடங்கி ஊரின் கடைசித் தெருவரை நடப்பது. ரேஷன் கடை, அங்கன்வாடி, அடிபம்பு, சுடுகாட்டுப் பாதை. காலனித் தெரு எந்தப் பக்கம் என்று கேட்கக் கூச்சப்படக் கூடாது. பள்ளத்தில் இருப்பது பெரும்பாலும் அதுதான். நடக்கும்போது ‘இந்த நேரத்தில் யார் இங்கே இல்லை’ என்று குறித்துக்கொண்டே வர வேண்டும். காலை பதினொரு மணிக்குப் போனால் ஆண்கள் கடலிலோ வயலிலோ இருப்பார்கள், பெண்களில் பாதிப்பேர் நூறு நாள் வேலையில். எஞ்சிய நான்கு முதியவர்களிடம் பேசிவிட்டு ‘ஊர் மக்கள் கூறினர்’ என்று எழுதினால் அது பொய். பெண்களிடம் பெண்கள்தான், தனியாகத்தான் பேச வேண்டும். ஆண்கள் நிற்கும் கூட்டத்தில் கழிப்பறை பற்றியும் மாதவிலக்குத் துணி பற்றியும் எந்தப் பெண்ணும் வாய் திறக்கமாட்டாள். முகாமில் இரவில் எங்கே ஒதுங்குகிறீர்கள் என்ற கேள்விக்கு ‘ஒண்ணும் பிரச்சினை இல்ல’ என்பதே பதிலாகும்.

படிவத்தை இதற்கெல்லாம் பிறகுதான் திறக்கிறோம். கோபோ டூல்பாக்ஸ் என்ற இலவசச் செயலி. சிக்னல் இல்லாத ஊரிலும் நிரப்பிவிட்டு, டவர் கிடைத்ததும் அனுப்பலாம். செயலியில் பெரிய பாடம் ஒன்றும் இல்லை, பவர் பேங்க் கொண்டு போ என்பதைத் தவிர. பாடம் கட்டங்களை நிரப்புவதில் இருக்கிறது. ‘இல்லை’, ‘தெரியாது’, ‘கேட்கவில்லை’ மூன்றும் வேறு வேறு. மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர் என்ற இடத்தில் பூஜ்யம் போட்டு வருகிறவர்களை நான் விடுவதில்லை. ஐந்நூறு வீட்டில் ஒருவருமே இல்லையா? யாரிடமும் கேட்கவில்லை என்றால் அப்படியே எழுது. மேலே உட்கார்ந்து படிக்கிறவருக்குப் பூஜ்யம் நிம்மதி தரும். ‘கேட்கவில்லை’ என்பது ஓர் ஆளை அங்கே அனுப்பவைக்கும். அறிக்கையின் முதல் பத்தியிலேயே, போக முடியாமல்போன ஊர்களின் பேர் வர வேண்டும் என்பது என் பிடிவாதம். நாங்கள் போன ஊர்கள் சாலை திறந்த ஊர்கள்; மரம் விழுந்து வழி அடைபட்ட ஊர் அதைவிட மோசமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனால் எங்கள் அட்டவணையில் அது வெறும் வெள்ளையாகக் கிடக்கும். நிறுவனங்களுக்கு இந்தப் பத்தி பிடிப்பதில்லை, தங்கள் வேலையில் குறை சொல்வதுபோல் இருக்கிறதாம்.

ஒரே ஊரில் ஐந்து நிறுவனம் ஐந்து படிவத்தோடு நிற்கும் கூத்தும் உண்டு. ஸ்ஃபியர் இந்தியா போன்ற கூட்டமைப்புகள் பல நிறுவனங்களைச் சேர்த்து ஒரே படிவத்தில் கூட்டு மதிப்பீடு நடத்துவது இதற்குத்தான். ஊரைப் பிரித்துக்கொண்டு, சாயங்காலம் ஓரிடத்தில் கூடி, ஒருவர் சொன்னதை மற்றவர் கண்டதோடு ஒப்பிட்டு, இரண்டு பக்கத்தில் எழுதி, ஆட்சியர் அலுவலகத்துக்கும் கொடுத்துவிட வேண்டும்.

இதையெல்லாம் கற்றவர்கள் அடுத்த புயலுக்கு இருப்பார்களா என்பது வேறு விஷயம். பெரும்பாலும் ஒப்பந்த வேலை. திட்டம் முடிந்தால் பிள்ளைகள் ஓசூருக்கோ திருப்பூருக்கோ போய்விடுகிறார்கள். இப்போது சுயஉதவிக் குழுப் பெண்களையும் அங்கன்வாடிப் பணியாளர்களையும் அதிகம் சேர்க்கிறோம். அவர்கள் எங்கும் போகமாட்டார்கள். எந்த வீட்டில் யார் படுத்தபடுக்கை என்று தெரியும். சொந்த ஊர் என்பதால் பிடிக்காத தெருவை விட்டுவிடுவார்கள் என்பதும் உண்மை. அதனால் ஊர் மாற்றி அனுப்புகிறோம். கடலோரத்துக்காரர் தலைஞாயிறு பக்கத்து விவசாய ஊருக்கு, அவர்கள் கடலோரத்துக்கு.

அப்படிப் போன ஒரு குழுத் தலைவி, படிவத்தில் இல்லாத ஒன்றை அங்கிருந்த பெண்களிடம் கேட்டுவிட்டு வந்தார்: “குழுக் கடன் தவணை என்னைக்கு? வசூலுக்கு வர்றாங்களா?” கஜாவுக்குப் பிறகு கூரை இல்லாத வீட்டு வாசலிலும் வாரத் தவணைக்கு ஆள் வந்து நின்றதை அவர் அறிவார். தவணை கட்ட நிவாரண அரிசியை விற்றவர்களையும் அறிவார். அரிசி போய்ச் சேர்ந்ததா என்றுதான் நாங்கள் அதுவரை கேட்டுக்கொண்டிருந்தோம். இப்போது அந்தக் கேள்வி எங்கள் படிவத்தில் இருக்கிறது, உணவுப் பகுதிக்கு நேர் கீழே.