இதயத்துக்குள்ளே ஒரு நாய் எலும்பு!

'உன் ப்ராஜெக்ட் வெறும் சிமுலேஷன்தானே?'னு யாராச்சும் மட்டம் தட்டினா, இந்தக் கதையைச் சொல்லுங்க.

1989. அமெரிக்காவில் செபுல்வேதா, ராத், விக்ஸ்வோ என்று மூன்று பேர், இதயத் தசையைக் கணக்காக்கி கம்ப்யூட்டருக்குள் ஏற்றினார்கள். இதயத் தசை நார் நாராக இருக்கும். நார் ஓடும் திசையில் மின்சாரம் ஈஸியாகப் பாயும். குறுக்கே போகத் திணறும். செல்லுக்குள்ளே இந்தத் திணறல் ரொம்ப ஜாஸ்தி, வெளியே கம்மி. அந்தச் சின்ன வித்தியாசத்தையும் விடாம சேர்த்தாங்க பாருங்க, அங்கேதான் ட்விஸ்ட்!

நெகடிவ் மின்முனையை வெச்சா, அதைச் சுற்றி நீள்வட்டமா தசை தூண்டப்படும்... அப்படித்தானே நினைப்போம்? கம்ப்யூட்டர் காட்டியதோ, நாய் கடிக்கிற எலும்பு மாதிரி ஒரு வடிவம்! இடுப்பு ஒடுங்கி, நாருக்குக் குறுக்கே நீட்டிக்கொண்டு. எலும்பின் ஒடுங்கின இடுப்புக்கு ரெண்டு பக்கமும், தூண்டலுக்கு நேர் எதிரான விளைவு. ஒரே முனை, ரெண்டு வேலை. யாரு நம்புவா?

1995-ல், மின்னழுத்தம் மாறினால் ஒளிர்வும் மாறுகிற சாயத்தை நிஜ இதயத் தசையில் ஏற்றிப் பார்த்தார்கள். அதே எலும்பு!

தாறுமாறாகத் துடிக்கும் இதயத்துக்கு டீஃபிப்ரிலேட்டரில் ஷாக் கொடுப்பாங்க இல்லையா? சில சமயம் அந்த ஷாக்கே துடிப்பை மறுபடி ஏன் குழப்பிவிடுதுன்னு டாக்டர்களும் இன்ஜினீயர்களும் புரிஞ்சுக்க, இந்த எலும்புதான் கை கொடுத்தது.