யானையைப் பச்சை குத்திக்கிறது எதுக்கு?

70 கொண்டை ஊசி வளைவு ஏறி, கொல்லிமலையில இருந்து பேசுறேன். ஒரே அம்புல யானையையும் புலியையும் வீழ்த்தினதா புறநானூறு சொல்ற ஓரியோட மலை. இன்னைக்குப் பேசப்போறது யானையை வளர்க்கிறவங்களைப் பத்தி.

முதுமலை தெப்பக்காடு முகாம்ல பொம்மனும் பெள்ளியும் குட்டி யானை ரகுவைப் பிள்ளையா வளர்த்தாங்க. 2023-ல ஆஸ்கர் வாங்கின ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’ அவங்க கதைதான். ரகு வளர்ந்ததும் வனத்துறை வேற பாகன்கிட்ட ஒப்படைச்சிடுச்சு. முகாம் யானை வனத்துறையோடது. வளர்த்தவங்க கேட்டு வாங்க முடியாது.

நம்ம பாட்டிங்க சொல்வாங்க, "நகை நட்டு எதுவும் கூட வராது, குத்தின பச்சைதான் சாகும்போதும் வரும்"னு. யானை பார்க்கிறவர் கையில யானையைப் பச்சை குத்தியிருந்தா, எனக்கு அப்படித்தான் புரியுது. அந்த ஒரு யானையையாவது யாரும் இடம் மாத்த முடியாதுல்ல?